கடைசி ஆறு இலக்கம்

தெர்மாகோல் அட்டையில் ஒட்டின எழுத்தைப் பெயர்த்து எடுக்கிற வேதனை ஒட்டினவனுக்குத்தான் தெரியும். எழுத்தோடு சேர்ந்து அட்டையும் பிய்ந்துகொண்டு வரும். நானும் அக்கா மகனும் ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து ஆறு எழுத்தைப் பெயர்த்தோம். சிவப்பு மினுக்குத் தாளில் வெட்டின ஒரு ஆறு, ஐந்து பூஜ்யம். இருபது இலக்க எண்ணில் முதல் பதினாலு சரி, கடைசி ஆறு தப்பு.

முதலில் இருந்து சொல்கிறேன். எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். நான் நகல் எடுக்கிற கடை வைத்திருக்கிறேன். அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான். பிப்ரவரி 28 அறிவியல் நாளுக்குப் பள்ளியில் கண்காட்சி. வருஷாவருஷம் நாலு எரிமலை, மூன்று மழைநீர் சேகரிப்பு, ஒரு காற்றாலை என்று வரும். இவன் கணக்கில் ஏதாவது செய்கிறேன் என்று பேர் கொடுத்துவிட்டு வந்து, "மாமா, என்ன செய்யலாம்?" என்றான்.

மன்னார்குடி சாலையில் கொஞ்ச தூரம் போனால் திருப்பூவனூர். அங்கே சுவாமியின் பெயரே சதுரங்க வல்லபநாதர். ராஜராஜேஸ்வரியைச் சதுரங்கத்தில் ஜெயித்துக் கல்யாணம் செய்துகொண்டார் என்பது தலபுராணம். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த சமயத்தில்தான் வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கோயிலைத் தெரிய வந்தது. கோயில் இருக்கிறது, களத்தில் அறுத்த நெல் இருக்கிறது. அப்புறம் என்ன, சதுரங்கக் கட்டத்தில் நெல் வைக்கிற அந்தப் பழைய கதைதான் என்று முடிவு செய்தோம். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் நாலு, இப்படி அறுபத்து நாலு கட்டமும் இரட்டித்துக்கொண்டே போவது. கேரளத்து அம்பலப்புழையில் இதையே கிருஷ்ணன் கதையாகச் சொல்லிப் பாயசத்தில் முடிப்பார்கள்.

கூட்டுத்தொகை வேண்டும். கைப்பேசியில் இருக்கிற கணக்குப் பொறி 1.84 என்று ஆரம்பித்து ஓரத்தில் e19 என்று போட்டது. கடைக் கணினியில் விரிதாளைத் திறந்து அறுபத்து நாலு வரிசையும் போட்டுக் கூட்டினேன். 18446744073709600000 என்று வந்தது. அச்சிட்டு, பார்த்து வெட்டி, ஒட்டியாயிற்று.

ஒட்டி முடித்து விளக்கை அணைக்கப் போகும்போது பயல் நின்று பார்த்தான். "மாமா, ஒரு கட்டம்னா 1. ரெண்டு கட்டம் 3. அப்புறம் 7, 15, 31. எல்லாமே ஒத்தைப்படையால்ல வருது? கடைசியில மட்டும் எப்படி பூஜ்யம் வரும்?"

வராதுதான். முதல் கட்டத்தில் இருக்கிற ஒற்றை நெல்லைத் தவிர மற்ற எல்லாக் கட்டமும் இரட்டைப்படை. கூட்டினால் ஒற்றைப்படைதான் வந்தாக வேண்டும். விரிதாள் பதினைந்து இலக்கம் வரைக்கும்தான் சுத்தமாக வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் வருகிற இடத்தையெல்லாம் பூஜ்யத்தால் நிரப்பிவிடும். கடையில் அதில்தான் தினம் வேலை பார்க்கிறேன். ஆனாலும் ஒரு நாளும் என் கண்ணில் பட்டதில்லை, ஏனென்றால் இருபது இலக்கத்துக்கு எனக்கு ஏது தேவை?

இனிமேல் மெஷினை நம்ப வேண்டாம், கையாலேயே போடுவோம் என்று நெல் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பினோம். அவன் இரட்டிப்பான், நான் சரி பார்ப்பேன். சரி பார்க்க ஒரு சுளுவான வழி உண்டு. இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கம் ஆக்கினால் இந்த வரிசையில் 1, 2, 4, 8, 7, 5 என்று ஆறு எண் சுற்றிச் சுற்றி வரும். அது தட்டினால் எங்கேயோ கை தவறியிருக்கிறது. நாற்பத்தோராம் கட்டத்தில் 1099511627776. கூட்டினால் 61, அதாவது 7. சரி. நாற்பத்திரண்டாம் கட்டத்துக்கு 2199023254552 என்று எழுதியிருந்தான். கூட்டினால் 49, அதாவது 4. வர வேண்டியது 5. மேலே ஏறின ஒன்றை 627 பக்கம் சேர்க்காமல் விட்டிருக்கிறான். 2199023255552 என்று திருத்தினதும் 5 வந்தது. அந்த ஒரு இடத்தில் விட்டிருந்தால் மீதி இருபத்திரண்டு கட்டமும் நாசம்.

நல்ல விடை 18446744073709551615. நம் வழக்கப்படி காற்புள்ளி வைத்தால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாயால் சொல்வதென்றால், ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடிக் கோடி, அப்புறம் 44,07,370 கோடி, அதற்கு மேல் 95,51,615.

மறுநாள் எடை. வீட்டில் சி.ஆர். 1009, சாவித்திரி என்றும் பொன்மணி என்றும் சொல்வார்களே, அந்தக் குண்டு நெல். ஆயிரம் நெல் எண்ணி நகை நிறுக்கிற சின்னத் தராசில் வைத்தேன். 25.6 கிராம். இதை வைத்துக் கணக்கையும் போட்டுவிட்டேன். அப்பா பார்த்துவிட்டு, "அறுத்து ரெண்டு நாள்தான் ஆவுது, காஞ்ச நெல்லாடா இது?" என்று கேட்டார். நெல்லைக் கடித்துப் பார்த்தேன், மெத்தென்றிருந்தது. இரண்டு நாள் வெயிலில் போட்டு, முறத்தில் புடைத்துப் பதரை நீக்கி, மூன்று முறை ஆயிரம் ஆயிரமாக எண்ணினோம். 22.8, 23.3, 22.9. சராசரி 23 கிராம். எண்ணும்போது பத்துப் பத்தாகக் குவித்து வைப்பதுதான் நல்லது. நூறு நூறாகக் குவித்தால் நடுவில் யாராவது கூப்பிட்டவுடன் எண்ணிக்கை போய்விடும்.

ஆக முதல் வரிசை எட்டுக் கட்டத்துக்கும் சேர்த்து 255 நெல், ஆறு கிராம்கூட இல்லை. பன்னிரண்டாம் கட்டத்து 2048 நெல் ஒரு டீ கிளாஸில் அடங்கும். இருபத்தோராம் கட்டத்தை நிரப்பும்போது நாற்பது கிலோ மூட்டை ஒன்று தாண்டிவிடுகிறது. பாதிப் பலகை, அதாவது முப்பத்திரண்டு கட்டத்துக்கு 4294967295 நெல். கிட்டத்தட்ட 99 டன், 2470 மூட்டை. நெல் பிடிக்கிற இடத்தில் நாளைக்கு எண்ணூறு மூட்டை போட்டால் மூன்று நாள் வேலை. இது வரைக்கும் ஊருக்குள் அடங்குகிற கணக்கு. முழுப் பலகைக்குப் போனால் 42,427 கோடி டன். உலகம் முழுக்க ஒரு வருஷத்துக்கு விளைகிற நெல் சுமார் 80 கோடி டன். ஐந்நூற்று முப்பது வருஷ விளைச்சலை எந்தக் களத்தில் கொட்டுவது?

அப்போதுதான் தப்பு எண்ணுக்கும் நல்ல எண்ணுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று கழித்துப் பார்த்தேன். 48,385. நெல்லாகப் பார்த்தால் ஒரு கிலோ நூற்றுப் பதின்மூன்று கிராம்! நாற்பத்திரண்டாயிரம் கோடி டன்னில் ஒரு கிலோ சொச்சம். கடைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணன் சிரித்தார். "இதுக்காடா ராத்திரி முழுக்க ஒட்டினதைப் பிச்சீங்க? எலி தின்னுட்டுப் போவுற அளவு."

எடைக்கு அவர் சொல்வது சரிதான். ஆனால் எண்ணுக்கு அந்த நியாயம் செல்லாது. தப்பு எண் இரட்டைப்படை, பத்தால் ஐந்து முறை மீதியில்லாமல் வகுபடும். நல்ல எண்ணோ ஒற்றைப்படை, அதன் சங்கதியே வேறு. கண்காட்சிக்கு வெறும் நெல் மலைக் கதை போதும் என்றுதான் இருந்தோம். அண்ணன் சிரித்ததில் ரோஷம் வந்து, இந்த எண் எந்த வகையறா என்று முழுசாகப் பிரித்துப் பார்த்துவிடுவது என்று இறங்கினோம்.

இருபது இலக்க எண்ணைக் கையால் காரணிப்படுத்துவது என்றால் 3, 7, 11 என்று வகுத்துக்கொண்டே போய்க் கிழவனாகிவிடலாம். ஆனால் இந்த எண் எப்படி உண்டானது என்று நமக்குத் தெரியும், அதுதான் சௌகரியம். சார்ட் தாளில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு, பாதியாக மடித்தேன். அது தப்பாகப் போயிற்று. மடித்தால் முதல் வரிசை எட்டாம் வரிசைமேல் போய் உட்காருகிறது. எனக்கு வேண்டியது ஒன்றாம் கட்டம் முப்பத்து மூன்றாம் கட்டத்தின்மேல் வருவது. அதனால் கத்தரியால் பாதியாக வெட்டி, மேல் பாதியை அப்படியே நகர்த்திக் கீழ்ப் பாதிமேல் அடுக்கினோம். இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே இருக்கிற கட்டம் சரியாக 4294967296 மடங்கு. அப்படியானால் முழுப் பலகை என்பது பாதிப் பலகையை 4294967297-ஆல் பெருக்கினது. இப்போது கையில் முப்பத்திரண்டு கட்டம். அதையும் பாதியாக வெட்டி அடுக்கினால் பெருக்கல் 65537. அடுத்த வெட்டில் 257, அதற்கடுத்து 17, பிறகு 5, கடைசி வெட்டில் 3. ஆறு வெட்டு, ஆறு எண், கையில் மிஞ்சுவது ஒற்றை நெல் இருக்கிற முதல் கட்டம்.

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. இவ்வளவுதான் அந்த நெல் மலை.

இந்த ஆறு எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் இந்த வரிசையில் வருகிற எல்லாமே பகா எண் என்று நம்பினார். முதல் ஐந்தும் பகா எண்தான். ஆறாவதில் சறுக்கியது. 1732-ல் ஆய்லர் என்ற கணித மேதை அது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார். குருட்டுத்தனமாக வகுத்துக்கொண்டே போக வேண்டியதில்லை. 4294967297-ஐ வகுக்கிற எந்தப் பகா எண்ணும் 64-ஆல் வகுத்தால் 1 மீதி தர வேண்டும் என்று பின்னாளில் நிறுவியும் காட்டினார். அப்படி வருகிற பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தே ஐந்து வகுத்தல்!

நாங்களும் போட்டோம். 193-ஆல் வகுத்தால் மீதி 109. 257-க்கு மீதி 2. 449-க்கு 325. 577-க்கு 288. பயலுக்கு இதற்குள் கை வலி. 641-க்கு வரும்போது மின்சாரமும் போய்விட்டது. கைப்பேசி வெளிச்சத்தில் அவன் ஒவ்வொரு இலக்கமாக இறக்கி, கடைசியில் 4487-ல் ஏழு முறை 641 போகிறது என்று எழுதி, கழித்தால் பூஜ்யம். ஈவு 6700417. விடை முன்னாலேயே எனக்குத் தெரியும், ஆனாலும் அந்தப் பூஜ்யம் விழுந்தபோது ஒரு மாதிரிதான் இருந்தது. "முந்நூறு வருஷம் லேட்டு மாப்ளே" என்றேன்.

அதோடு விட முடியாது. 6700417 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அது வரைக்கும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லருக்குப் பிறகு லூக்கா என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் அந்த 64-ஐ 128 ஆக்கிக் கொடுத்தார், அதனால் வேலை இன்னும் சுருங்கியது. 128-ஆல் வகுத்தால் 1 மீதி தருகிற பகா எண்கள் 2588-க்குள் 257, 641, 769, 1153, 1409, அவ்வளவுதான். மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றும் வகுபடவில்லை. பகா எண்தான். பத்து வகுத்தலில் இருபது இலக்க எண் அக்கு வேறு ஆணி வேறாக வந்துவிட்டது: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. ஏழு காரணி, ஒன்றும் திரும்ப வரவில்லை.

இது கையில் இருந்தால் மற்ற குணமெல்லாம் தானாக வந்து விழுகிறது. ஏழில் ஒவ்வொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம், விடலாம். ஆக மொத்தக் காரணிகள் 128, பலகையில் இருக்கிற கட்டத்துக்கு இரண்டு மடங்கு. தன்னைத் தவிர மற்ற 127 காரணியையும் கூட்டினால் எண்ணுக்குச் சமமாக வந்தால் நிறை எண், கூடினால் மிகை எண், குறைந்தால் குறை எண். நம் எண்ணுக்கு ரூபாய்க்கு எழுபது காசுதான் தேறுகிறது. குறை எண். வர்க்க எண்ணா என்று பார்க்க வேலையே இல்லை: ஐந்தில் முடிகிற வர்க்கமெல்லாம் 25-ல் முடியும், இது 15-ல் முடிகிறது. தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் ஹர்ஷத் எண் என்று ஒரு வகை வைத்தார், இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடுகிற எண். இதன் கூட்டுத்தொகை 87, அதாவது 3 × 29. ஏழு காரணியில் 29 இல்லை, ஆகவே ஹர்ஷத் இல்லை. ஈரடிமானத்தில், அதாவது 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதினால் அறுபத்து நாலு ஒன்று வரிசையாக நிற்கும். ஒன்றுகள் இரட்டைப்படையாக இருந்தால் அதற்கு ஆங்கிலத்தில் தீய எண் என்று ஒரு பெயர் இருக்கிறது. விளையாட்டுக்கு வைத்த பெயர், ஆசிரியர் கேட்டால் சிரிப்பார் என்று பலகையில் எழுதவில்லை.

பாதிப் பலகைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு, அதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதினோம். 4294967295 என்பது 3, 5, 17, 257, 65537 ஐந்தின் பெருக்கல். 1796-ல் காவுஸ் என்ற ஜெர்மன்காரர், பத்தொன்பது வயது ஆகும் முன்பே, பதினேழு பக்கமுள்ள ஒழுங்கான பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைய முடியும் என்று கண்டார். அந்த முறைப்படி பாதிப் பலகையில் எத்தனை நெல்லோ அத்தனை பக்கமுள்ள பலகோணத்தையும் வரைய முடியும். ஒற்றைப்படைப் பக்கங்களில் இன்றைக்குத் தெரிந்த மட்டில் பெரியது அதுதான். கீழ்ப் பாதியைச் சேர்த்தவுடன் 641 உள்ளே வந்துவிடுகிறது, முடியாமல் போய்விடுகிறது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே அக்கா வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றது. "அவ்ளோ பெரிய நம்பரை விடு. பதினஞ்சு, அது கோல நம்பர். அஞ்சு புள்ளி, ஊடுபுள்ளி ஒண்ணு வரைக்கும்."

எனக்கு உறைத்தது அப்போதுதான். 5, 4, 3, 2, 1. முக்கோண எண் என்று பாடப்புத்தகம் சொல்வதை அக்கா நாற்பது வருஷமாக வாசலில் வைத்துக்கொண்டிருக்கிறது. நாலு கட்டத்துக் கூட்டுத்தொகை 15, முக்கோணத்தில் சரியாக அடங்குகிறது. மற்ற கட்டங்களில்? களத்தில் சிமெண்டுத் தரை காலியாக இருந்தது. அக்கா புள்ளி வைக்க, நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 7-க்கு மூன்று புள்ளி வரிசையில் ஆறு போக ஒன்று மிச்சம். 31-க்கு மூன்று மிச்சம். 63-க்கு எட்டு. 127-க்கு ஏழு. 255-ல் நெருங்கி வந்து, இருபத்திரண்டு புள்ளி வரிசை போக இரண்டு மிஞ்சியது. அதற்கு மேல் நோட்டிலேயே போட்டோம். 511-க்குப் பதினைந்து மிச்சம், 1023-க்கு 33, 2047-க்கு 31. பன்னிரண்டாம் கட்டம் வரை கூட்டினால் 4095. தொண்ணூறு புள்ளி, ஊடுபுள்ளி ஒன்று வரைக்கும். மிச்சம் ஒன்றுமில்லை.

இதை வைத்தே பார்த்துவிடுவது என்று அக்கா பிடிவாதம் பிடித்தது. புள்ளிக்குப் புள்ளி இரண்டு விரல் இடைவெளி. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நாற்பதாவது வரிசையில் ஒரு ஆடு குறுக்கே நடந்து ஏழெட்டு வரிசை போயிற்று. திரும்ப வைத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. உச்சியில் கடைசிப் புள்ளியை வைத்தபோது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாடியில் ஏறி நின்று பயல் படம் எடுத்தான். கண்காட்சியில் அந்தப் படத்துக்குத்தான் கூட்டம்.

அப்புறம்? பன்னிரண்டுக்கு மேல் எந்தக் கட்டத்தில் அடுத்த முக்கோணம் வரும்? இந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது, கேள்வியைக் கேட்டவர் கும்பகோணத்துக்காரர். ஒரு எண் முக்கோண எண்ணா என்று பார்க்க, எட்டால் பெருக்கி ஒன்று கூட்ட வேண்டும். வர்க்க எண் வந்தால் முக்கோண எண். 15-க்கு 121 வரும், 11-ன் வர்க்கம். 4095-க்கு 32761, 181-ன் வர்க்கம். பலகைக் கூட்டுத்தொகைக்கு இதைச் செய்தால் எப்போதும் இரண்டின் அடுக்கில் ஏழு கழித்த எண்ணாக வரும். இரண்டின் அடுக்கில் ஏழைக் கழித்தால் எப்போதெல்லாம் வர்க்கம் வரும் என்று ராமானுஜன் 1913-ல் இந்தியக் கணிதக் கழக இதழில் கேள்வியாகப் போட்டார். 3, 4, 5, 7, 15 ஆகிய அடுக்குகளுக்கு வரும், வேறு உண்டா? வேறு இல்லை என்று 1948-ல் நார்வேக்காரர் நாகெல் நிறுவினார். ராமானுஜன் என்றாலே எல்லோரும் 1729-க்கு ஓடுகிறார்கள். கும்பகோணத்தில் அவருடைய சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் இந்தக் கேள்வியையும் நினைத்துக்கொள்ளலாம், இதில் இன்னும் ருசி அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

எட்டால் பெருக்கினதில் அடுக்கு மூன்று கூடிவிடுகிறது, அதைக் கழித்தால்தான் கட்டத்தின் எண்ணிக்கை. ஆக, அந்த ஐந்தில் நம் பலகைக்கு வருவது ஒன்று, இரண்டு, நாலு, பன்னிரண்டு கட்டம் மட்டும். அறுபத்து நாலில் முக்கோணம் வராது. "பெரியவங்க சொல்லிட்டாங்க, சரி. நாம செஞ்சு பாக்க முடியாதா?" என்றான் பயல். நாகெல் நிறுவியது எனக்கு எட்டாது. ஆனால் இந்த ஒரு எண்ணுக்கு மட்டும் என்றால் முடியும். எட்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் 147573952589676412921. ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டினால் ஒரு பக்கம் 57, மறுபக்கம் 46. வித்தியாசம் 11, ஆகவே 11-ஆல் வகுபடும். வகுத்தால் 13415813871788764811. இதையும் அதேபோலப் பார்த்தால் 52, 40. வித்தியாசம் 12, வகுபடாது. வர்க்க எண்ணாக இருந்தால் 11 ஒரு முறை வந்தால் இன்னொரு முறையும் வந்தாக வேண்டும். இங்கே தனியாக நிற்கிறது. வர்க்கம் இல்லை, முக்கோணமும் இல்லை. ஒன்பதாவது படிக்கிற பையன் பலகை முன்னால் நின்று எழுதிக்காட்ட இது ஒன்று போதும், காட்டவும் செய்தான்.

கண்காட்சிக்கு முதல் நாள் சாயந்திரம் அப்பா வந்து பார்த்தார். எண்பது தாண்டிவிட்டது, காரணி கீரணி எல்லாம் அவருக்கு வேண்டாம். "கலக் கணக்குல எவ்வளவுடா வருது?" என்றார். வாய்பாடு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முந்நூற்றறுபது நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஒரு ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். சொல்லச் சொல்ல எழுதினேன். எங்கே பார்த்தாலும் இரட்டிப்பு, சதுரங்கக் கட்டம் மாதிரியே. நாழிக்கு 14,400 நெல். கலத்துக்கு 13,82,400. (வீட்டில் கிடக்கிற இரும்புப் படியை நாழி என்று நினைத்து நிறுத்துப் பார்த்துவிடாதீர்கள், அது வேறு அளவு, மூன்று பங்கு எடை காட்டும்.) ஆக, பதின்மூன்று லட்சத்து முப்பத்து நாலாயிரம் கோடிக் கலத்துக்குக் கொஞ்சம் மேல்.

"மிச்சம்?" என்றார். அளந்தவர் அப்படித்தான் கேட்பார். கலமாகப் பார்த்தால் பெரிய வகுத்தல். செவிட்டோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லி 360-ஐ 8, 9, 5 என்று பிரித்தேன். நம் எண்ணோடு ஒன்று சேர்த்தால் எட்டால் வகுபடும், ஆகவே எட்டுக்கு மீதி 7. இலக்கக் கூட்டுத்தொகை 87, ஒன்பதுக்கு மீதி 6. ஐந்தில் முடிகிறது, ஐந்துக்கு மீதி இல்லை. மூன்றுக்கும் பொருந்துகிற எண், 360-க்குள், ஒன்றே ஒன்றுதான்.

"பதினஞ்சு நெல்லுப்பா."

"அவ்வளவும் அளந்து பதினஞ்சுதான் மிச்சமா?" அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தப்பு எண்ணை அளந்திருந்தால் என்ன மிஞ்சும் என்று பயல் நோட்டைத் திருப்பினான். வித்தியாசம் 48,385, அதை 360-ஆல் வகுத்தால் மீதி 145. பதினைந்தும் அதுவும் சேர்ந்து 160. அதையும் ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொண்டான்.

அக்கா உள்ளே கூப்பிட்டது, நான் எழுந்து போனேன். திரும்பி வந்து பார்க்கும்போது கோழி ஒன்று அட்டையில் பத்தாம் கட்டத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. பயல் அதைக் கவனிக்கவே இல்லை. சோப்பு டப்பா மூடியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் பதினைந்து நெல்லை அடுக்கிக்கொண்டிருந்தான். கீழே ஐந்து, மேலே நாலு, அதற்கு மேல் மூன்று.